மனநோய் என்று சொன்ன பிள்ளைக்குக் கையும் நடுங்கினால்: வில்சன் நோய்க்கு வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

என் தம்பிக்கு 19 வயதில் முதலில் வந்தது கோபம். அப்புறம் பாலிடெக்னிக் போக மாட்டேன் என்றான். காரணமில்லாமல் சிரித்தான், ராத்திரியில் அழுதான். ஒன்றரை வருடம் மனநல மாத்திரை மட்டும் சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் வில்சன் நோய் என்று தெரிந்தது. சாப்பாட்டிலிருந்து வரும் தாமிரத்தில் மிச்சமானதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். இந்த நோயில் அது நடக்காது. தாமிரம் கல்லீரலில் தேங்கி, பிறகு மூளையிலும் கண்ணிலும் படியும். கைகால் அசைவும் கெடும், மனமும் கெடும். பரம்பரையாக வரும் அசைவு நோய்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் சிலவற்றில் இது ஒன்று. அதனால்தான் தாமதமான அந்த ஒன்றரை வருடம் இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு பல குடும்பங்களோடு ஓ.பி. வரிசையில் நின்றிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். எதை எப்போது செய்வது, எங்கே வழுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இவற்றை ஒரே பையில் போடுங்கள்: பழைய ஓ.பி. சீட்டுகள், சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பிள்ளையின் பழைய பள்ளி அல்லது கல்லூரி நோட்டு ஒன்று, ஒரு வருடத்துக்கு முன்னால் எடுத்த வீடியோ ஏதாவது, ஒரு புது நோட்டு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. பரிசோதனைக்கு முன் பாதுகாப்பு

எல்லா ரிப்போர்ட்டும் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இந்த நோயில் மனச்சோர்வும் முன்யோசனையில்லாத வேகமும் ஒன்றாக வருவதால் தற்கொலை முயற்சி நிஜமான ஆபத்து. ஆகவே முதல் வேலை இதுதான்.

மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை கொடுங்கள். வயல்வெளி வீடு என்றால் பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தாமிர ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது.

2. ஒரே தாளில் காலவரிசை

மனநல டாக்டரிடம் கோபத்தைச் சொல்வோம். நரம்பியல் டாக்டரிடம் நடுக்கத்தைச் சொல்வோம். வயிற்று டாக்டரிடம் மஞ்சள் காமாலையைச் சொல்வோம். மூன்றும் ஒரே ஆளுக்கு வந்தது என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது. நாங்கள் செய்த முதல் தப்பு இது.

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் மாதம், வருடம். இரண்டாவதில் உடம்பிலும் மனத்திலும் புதிதாகத் தெரிந்தது. மூன்றாவதில் அப்போது தொடங்கிய அல்லது நிறுத்திய மருந்து. தேதி நினைவில்லாவிட்டால் "பொங்கலுக்கு முன்", "அரையாண்டுப் பரீட்சை சமயம்" என்று எழுதினாலும் போதும்.

இதில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: நடுக்கம் முதல் மனநல மாத்திரைக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? மனநல மருந்துகள் சிலவே கை நடுக்கம், விறைப்பு, எச்சில் ஒழுகல் எல்லாம் கொடுக்கும். அதனால் யாரைக் கேட்டாலும் "மாத்திரையால வந்ததுதான்" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடியது. தம்பியின் ரெக்கார்டு நோட்டை ஒருநாள் சும்மா புரட்டினேன். முதல் பக்கங்களில் அச்சடித்த மாதிரி எழுத்து. பாதிக்கு மேல் எழுத்து சுருங்கி, கோடு தாண்டி, படத்துக்கு வரைந்த வட்டங்கள் பல் பல்லாக இருந்தன. ஆசிரியர் கையெழுத்துப் போட்ட தேதி, முதல் மாத்திரைக்கு நாலு மாதம் முந்தையது. ஒன்றரை வருடமாக நாங்கள் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த நோட்டு இரண்டு நிமிடத்தில் சொன்னது. பழைய நோட்டும் வீடியோவும் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

3. எப்போது சந்தேகப்படுவது, எப்படிக் கேட்பது

30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகச் சொல்லப்படும் அரிய நோய் இது. மனநலச் சிக்கல் உள்ள எல்லாரும் இந்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் முப்பது ஆண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007இல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நரம்பியல் அறிகுறிகளோடு வந்தவர்கள். மனநல அறிகுறி மட்டுமே இருந்தவர்கள் மிகக் கொஞ்சம். ஆகவே பார்க்க வேண்டியது சேர்க்கையை.

மனப் பக்கத்தில்: சுபாவம் மாறுவது, சட்டென்று கை ஓங்குவது, கூச்சம் போய்விடுவது, மதிப்பெண் சரிவது, சோர்வு. காதில் குரல் கேட்பது போன்றவை குறைவு, ஆனால் உண்டு. அசைவுப் பக்கத்தில்: வாய் குழறல், எச்சில் ஒழுகல், கை நடுக்கம், கைகால் முறுக்கிக்கொள்வது, விழுங்கச் சிரமம், முகத்தில் உறைந்த மாதிரி ஒரு இளிப்பு. வயதும் பாருங்கள். பெரும்பாலும் 5 முதல் 35க்குள் தொடங்கும், அதற்கு மேலும் வரலாம். சிறுவயதில் காரணம் புரியாத காமாலை வந்ததா, உடன்பிறந்த யாராவது கல்லீரல் கெட்டு இறந்தார்களா என்பதையும் எழுதுங்கள்.

பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்பதை மறைக்காதீர்கள். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகள்தான் எங்கள் அம்மா. இந்த நோய் வர அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். சொந்தத்துக்குள் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு "தூரத்து உறவு" என்று மழுப்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். டாக்டருக்குத் தேவையான ஒரு குறிப்பு அங்கேயே போய்விடுகிறது.

அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இதே மாதிரி ஆட்டமும் மனமாற்றமும் இருந்து, தலைமுறை தலைமுறையாக வருகிறதென்றால், அது ஹண்டிங்டன் நோயாக இருக்கலாம். அதற்கு வழி வேறு. மரபணு ஆலோசனைக்குப் பிறகுதான் பரிசோதனை. ஆட்டத்தைக் குறைக்கத் தரும் டெட்ராபெனசின் மாத்திரையே மனச்சோர்வைக் கூட்டக்கூடும் என்பதால் அதன்மேல் தனிக் கண் வேண்டும். இந்த வழிகாட்டியை அதற்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

டாக்டரிடம் "வில்சன் நோய்தான்னு போட்டிருக்கான்" என்று ஃபோனை நீட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். காலவரிசைத் தாளைக் கொடுத்துவிட்டு, "நடுக்கம் மாத்திரைக்கு முன்னாலேயே வந்திருக்கு சார், வில்சன் இல்லைன்னு உறுதி பண்ணிடலாமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளித்த டாக்டரை நான் இதுவரை பார்க்கவில்லை.

4. முதலில் கண்

கருவிழியின் ஓரத்தில் தாமிரம் படிந்து பழுப்பு, தங்கப் பச்சை நிறத்தில் ஒரு வளையம் உண்டாகும். கைசர் ஃப்ளைஷர் வளையம் என்று பெயர். நரம்பியல் அறிகுறி வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இது இருக்கும். வலி இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிட வேலை. அதனால்தான் முதலில்.

நம் கண்கள் கரும்பழுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த வளையம் பெரும்பாலும் தெரியாது. ஸ்லிட் லேம்ப் கருவியில், இன்னதைத் தேடுகிறோம் என்று தெரிந்த கண் டாக்டர் பார்க்க வேண்டும். "கண் செக் பண்ணிட்டோம், பவர் இல்லைன்னுட்டாங்க" என்று வருகிறார்கள். அது வேறு பரிசோதனை. எதற்காக அனுப்புகிறார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் பலருக்கு வளையம் இருக்காது. ஆகவே வளையம் இல்லை என்பதோடு தேடலை நிறுத்த வேண்டாம்.

5. ரத்தம்: குழப்பும் இரண்டு எண்கள்

செருலோபிளாஸ்மின் என்பது ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதம். வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம். 10க்குக் கீழே இருந்தால் பலத்த சந்தேகம். நடுவில் இருந்தால் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை இவை இந்த எண்ணை உயர்த்திக் காட்டும். உடம்பு சரியில்லாத நாளில் ரத்தம் கொடுத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அலகையும் பாருங்கள். சில லேபில் லிட்டருக்குக் கிராம் என்று போடுவார்கள். அங்கே 0.2 என்பதும் இங்கே 20 என்பதும் ஒன்றே.

இரண்டாவது எண் ரத்தத்தின் மொத்தத் தாமிரம். குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ரத்தத் தாமிரத்தில் பெரும்பகுதி அந்தப் புரதத்தோடு ஒட்டியிருப்பது. புரதம் குறைந்தால் மொத்த எண்ணும் குறைந்துதான் வரும். உறுப்புகளில் தாமிரம் தேங்கிக் கிடக்கும்போதே ரிப்போர்ட்டில் "குறைவு" என்று அச்சாகும். அதைப் பார்த்துவிட்டு, "தாமிரச் சத்து கம்மியாம்" என்று ஒரு அம்மா செம்புக் குடத்தில் ராத்தண்ணீர் வைத்து மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம். அந்த எண்ணுக்கு நீங்களே அர்த்தம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அதே குத்தலில் கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், உறையும் நேரம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள். கலங்கிப்போன பிள்ளையை மறுபடி மறுபடி ஊசிக்கு உட்காரவைப்பது பெரும்பாடு.

6. 24 மணிநேரச் சிறுநீர்

பத்துக் குடும்பம் செய்தால் பாதி தப்பாகிற இடம். பொறுமையாகப் படியுங்கள்.

தாமிர மருந்து, அதாவது தாமிரத்தை வெளியேற்றும் மருந்து, தொடங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். மருந்து உள்ளே போனதும் சிறுநீரில் தாமிரம் பல மடங்கு ஏறும், பிறகு அந்த எண்ணை வைத்து நோயை உறுதி செய்வது கடினம்.

லேப் கொடுக்கும் பிளாஸ்டிக் கேனை மட்டும் பயன்படுத்துங்கள். உலோகச் சுவடு இல்லாமல் கழுவியது அது. வீட்டில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் வேண்டாம். நேராகக் கேனில் போக முடியாவிட்டால் புது பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர், பித்தளைச் சொம்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மைக்ரோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். பாத்திரத்திலிருந்து துளி தாமிரம் கலந்தாலும் எண் பொய்யாகிவிடும்.

காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிடுங்கள். அது நேற்று ராத்திரியின் கணக்கு. நேரத்தைக் கேன் மேல் எழுதுங்கள். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு முறையும் கேனுக்குள். மறுநாள் காலை 6 மணிக்குப் போவதும் கேனுக்குள்தான். அங்கே கணக்கு முடிகிறது. முதலாவதைச் சேர்த்துக் கடைசியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு.

நடுவில் ஒருமுறை கழிப்பறையில் போய்விட்டால் மறைக்க வேண்டாம். கேனைக் காலி செய்துவிட்டு வேறு கேன் வாங்கி மறுநாள் தொடங்குங்கள். மலம் கழிக்கும்போது கூடவே போவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலில் மக்கில் போய்விட்டு அப்புறம் உட்காரச் சொல்லுங்கள்.

தம்பி முதல் தடவை கோபத்தில் கேனையே தூக்கி எறிந்துவிட்டான். இரண்டாவது தடவை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்தோம். சித்தப்பா வந்து கூடவே இருந்தார். பாத்ரூம் கதவுக்கு வெளியே கேனை வைத்துக்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டே நின்றார். பிள்ளை யார் பேச்சைக் கேட்பானோ அவரை அன்றைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறவர் மக்கைத் தனியாகப் பிடித்தால் சிந்தும்.

முழுக் கேனையும் லேபுக்குக் கொண்டுபோங்கள். மொத்த அளவு தெரிந்தால்தான் பெருக்கிக் கணக்குப் போட முடியும். அறிகுறி உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் வருவது வழக்கம். 40ஐத் தாண்டினாலே மேற்கொண்டு பார்ப்பார்கள்.

7. ஸ்கேன், மரபணு

மூளை எம்.ஆர்.ஐ.யில் அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழமான பகுதிகளில் மாற்றம் தெரியும். கருவிக்குள் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால், பிள்ளை பதற்றமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி மயக்க ஊசிக்கு ஏற்பாடு கேளுங்கள். வயிற்று ஸ்கேன் கல்லீரலுக்கு. ஏடிபி7பி என்ற மரபணுவின் பரிசோதனை எல்லாருக்கும் முதலிலேயே தேவைப்படாது. ஆனால் உடன்பிறந்தவர்களைப் பார்க்கும்போது மிகவும் உதவும்.

ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். கண், ரத்தம், சிறுநீர், ஸ்கேன், மரபணு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் முறை ஒன்று இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் உறுதி.

8. மனநல மருந்தை என்ன செய்வது

வில்சன் என்று தெரிந்த அன்று ராத்திரி நிறைய வீடுகளில் நடப்பது இது: "மனநோயே இல்லையாம்!" என்று மாத்திரை டப்பா குப்பைக்குப் போகும். செய்யாதீர்கள். மனநோய் இருக்கிறது, காரணம்தான் தாமிரம். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், ஆவேசம் திரும்பும். மாற்றுவதும் குறைப்பதும் மனநல டாக்டர் கையால் நடக்க வேண்டும். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு நடக்க வேண்டும். நரம்பியல் டாக்டரே சொல்லிவிடுவார் என்று நினைக்காமல் நீங்கள் ஃபைலோடு நேரில் போங்கள்.

அவரிடம் பேச வேண்டியவை சில. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள், மூளையில் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி ஏற்கெனவே அடிபட்டிருப்பதால், இந்த நோயாளிகளுக்குச் சின்ன டோஸிலேயே கடும் விறைப்பும் விழுங்கச் சிரமமும் வரலாம். க்வெட்டியாபின் போன்றவற்றைக் குறைந்த டோஸில் தருவது வழக்கம். க்ளோசபின் என்றால் ரத்த அணுக்களைக் கண்காணிக்க வேண்டும். தாமிர மருந்தான பெனிசிலமினும் அணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதை நினைவுபடுத்துங்கள். வால்ப்ரோயேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. லித்தியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அதற்கு ரத்த அளவு பார்ப்பார்கள்.

மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு அது பெரிய வசதிதான். ஆனால் உள்ளே போனால் வாரக்கணக்கில் வெளியே எடுக்க முடியாது. வில்சன் சந்தேகம் இருந்தால் அந்த ஊசிக்கு முன் கண், ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளை முடித்துவிடலாமா என்று கேளுங்கள்.

இரண்டு அவசரங்கள். காய்ச்சல், மரக்கட்டை போல விறைப்பு, வியர்வை, நினைவு தடுமாற்றம் சேர்ந்து வந்தால் மருந்தின் கொடிய எதிர்விளைவாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவு. கல்லீரல் சுருங்கிப்போனவர் திடீரென்று பகலில் தூங்கி ராத்திரி விழித்து, சம்பந்தமில்லாமல் பேசினால் அதைப் "பழைய மனநோய் திரும்பிடுச்சு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளைக்கு ஏறியிருக்கலாம். மலச்சிக்கலும் தூக்க மாத்திரையுமே அதைத் தூண்டிவிடும்.

9. தாமிர மருந்தின் முதல் ஆறு மாதம்

பெனிசிலமின், ட்ரையென்டின் இரண்டும் தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துப்போகும். துத்தநாகம் குடலில் தாமிரம் ஏறுவதைத் தடுக்கும். எது என்று டாக்டர் சொல்வார். எப்படி விழுங்குவது என்பது உங்கள் பாடு.

பெனிசிலமின் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன், அல்லது இரண்டு மணிநேரம் பின். இரும்புச்சத்து மாத்திரையும் துத்தநாகமும் அதோடு சேரக் கூடாது, ஒன்றையொன்று வீணாக்கும். பைரிடாக்ஸின் என்ற பி6 வைட்டமின் கூடவே எழுதியிருப்பார்கள். "சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள், பெனிசிலமின் அதைக் காலி செய்யும். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் ஃபோன் போடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்: தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகும். அதனால்தான் சின்ன டோஸில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். தம்பிக்குப் பேச்சே நின்றுபோனது. "மருந்துதான் பிள்ளையக் கெடுக்குது" என்று பாட்டி ஒப்பாரி வைத்தார். நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்தோம், டோஸைக் குறைத்தார். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஞாயிறுதோறும் ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். ஒரு சுருள் கோலம் வரையச் சொல்லித் தேதி போட்டு வையுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மனம் அதைவிடத் தாமதம். கை தேறிய பிறகும் கோபமும் சோர்வும் மாதக்கணக்கில் நிற்கலாம், முன்னேற்றம் இரண்டு வருடம் வரைகூடத் தொடரும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். ஆறாவது மாதத்தில் "இன்னும் கத்துறானே, மருந்து வேலை செய்யலை" என்று சொல்லும் மாமாக்களுக்கு அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

10. சமையலறை

செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதும் சமைப்பதும் வேண்டாம். ஈரல், நண்டு, முந்திரி போன்ற பருப்புகள், சாக்லேட், காளான் முதல் வருடம் ஒதுக்குங்கள். உணவுக் கட்டுப்பாடு மட்டும் நோயைத் தீர்க்காது. கையில் கட்டிய செம்புத் தாயத்து பற்றியும் கேட்கிறார்கள். உள்ளே போவதுதான் கணக்கு, தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். மது கூடாது.

11. உடன்பிறந்தவர்கள், அதே மாதத்தில்

ஒரு பிள்ளைக்கு இருந்தால் ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கும் கண், ரத்தம், சிறுநீர் பார்த்துவிட வேண்டும். அறிகுறி வரும் முன் மருந்து தொடங்கினால் நடுக்கமும் வராது, மனமும் கெடாது. "கல்யாணப் பேச்சு ஓடுது, இப்ப வேணாம்" என்று தள்ளுகிற வீடுகள் உண்டு. மருந்து எடுத்துக்கொண்டு திருமணமும் செய்யலாம், டாக்டர் கண்காணிப்பில் கர்ப்பகாலத்திலும் மருந்தைத் தொடரலாம். நிறுத்தினால்தான் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் கல்லீரல் மொத்தமாகக் கைவிடும் ஆபத்து.

எங்கள் வீட்டில் எனக்கு எதுவும் இல்லை. சின்னத் தங்கைக்கு அப்போது 12 வயது, ஸ்கிப்பிங்கில் பள்ளி முதல். அவளுக்குச் செருலோபிளாஸ்மின் 6. இப்போது துத்தநாகம் சாப்பிடுகிறாள். காலை ஐந்தரைக்கு வீட்டில் ஒரே அலாரம் அடிக்கும். தம்பி எழுந்து தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவளையும் எழுப்பிவிடுவான். காப்பி ஆறரைக்குத்தான்.